பீப்பாய்க்கு ஒரு விலை, புட்டிக்கு ஒரு விலை

மார்ச் பிறந்துவிட்டால் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்துக் கிராமச் சாலைகளில் கொட்டகைக்குக் கொட்டகை வெள்ளை நீராவி எழும்பும். உள்ளே மேப்பிள் சாறு கொதித்துக்கொண்டிருக்கும். வாசலில் பாகுப் புட்டிகள் விற்பனைக்கு நிற்கும். ஒரு குவார்ட் புட்டி, அதாவது லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாக 946 மில்லி கொண்டது, ஒரு வாசலில் 18 டாலர், அடுத்ததில் 22, இன்னொன்றில் 28 என்று இருக்கும். மரம் ஒன்றுதான், தரம் ஒன்றுதான், செய்முறையிலும் பெரிய வித்தியாசம் கிடையாது. இந்த விலையை எப்படி வைத்தார்கள் என்று விசாரித்தால் செலவுக் கணக்கை எடுத்துக் காட்டுபவர்கள் குறைவு. போன வருஷம் வைத்த விலை, பக்கத்துக் கொட்டகைக்காரர் வைத்த விலை, சூப்பர் மார்க்கெட் அலமாரியில் கண்ட விலை ஆகிய மூன்றையும் பார்த்துவிட்டு, ஒரு டாலர் கூட்டியோ குறைத்தோ ஒட்டிய சீட்டாகவே அது பெரும்பாலும் இருக்கிறது. இப்படி விலை வைக்கும் சிறு உற்பத்தியாளர்களில் பலர் தங்களுக்குக் கட்டுப்படியாகாத விலைக்கு விற்கிறார்கள். விழும் துண்டைக் கட்டுவது அவர்கள் வீட்டாரின் கூலியில்லாத உழைப்பு. அந்த உழைப்பைக் கணக்கில் எழுதி, அதிலிருந்து புட்டியின் விலையைக் கட்ட வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

பதநீர் காய்ச்சிக் கருப்பட்டி எடுப்பதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்தத் தொழிலின் அடுப்படி சட்டென்று பிடிபடும். பனைக்குக் கோடை என்றால் மேப்பிளுக்குக் குளிர்காலத்தின் கடைசி. இரவில் தண்ணீர் உறைய வேண்டும், பகலில் உருக வேண்டும். அந்த ஏற்ற இறக்கத்தில்தான் மரத்துக்குள் சாறு ஓடும். பிப்ரவரிக் கடைசியிலிருந்து ஏப்ரல் வரை, நாலு முதல் ஆறு வாரம்; மொட்டு விரியத் தொடங்கினால் சாறு சுவை கெட்டுவிடும், பருவம் முடிந்தது. துளையிடும் பருமனுக்கு ஒரு மரம் வளர ஏறத்தாழ 40 ஆண்டு பிடிக்கும். அப்படி வளர்ந்த மரத்தின் சாற்றிலும் சர்க்கரை 2 சதவீதம்தான், மீதி தண்ணீர். இந்தத் தொழிலில் எல்லாருக்கும் மனப்பாடமான ஒரு வாய்பாடு உண்டு: 86-ஐ சாற்றின் சர்க்கரைச் சதவீதத்தால் வகுத்தால், ஒரு காலன் பாகுக்கு எத்தனை காலன் சாறு வேண்டும் என்பது கிடைக்கும். 2 சதவீதச் சாறு என்றால் 43 காலன். அதில் 42 காலன் தண்ணீரை ஆவியாக்கி வானத்துக்கு அனுப்புவதுதான் தொழிலின் பெரும்பகுதி. காலன் என்பது 3.8 லிட்டர்.

இந்த 42 காலனை விரட்டுவதற்கு விறகோ எண்ணெயோ வேண்டும். பழைய முறை விறகடுப்பில் 128 கன அடி கொண்ட ஒரு முழு அடுக்கு விறகு 25 காலன் பாகுக்குக் காணும் என்பது பொதுவான மதிப்பு. வசதி உள்ளவர்கள் ஆர்.ஓ. இயந்திரம் வைத்து, அடுப்பில் ஏற்றும் முன்பே சாற்றின் தண்ணீரில் முக்கால் பங்கைப் பிரித்துவிடுகிறார்கள். நம் வீடுகளில் குடிநீருக்கு ஓடும் அதே தத்துவம்தான். இங்கே வேண்டியது வடிந்த தண்ணீர் அல்ல, மிஞ்சிய சர்க்கரை. விறகு மிச்சமாகும், ஆனால் இயந்திரத்துக்கு முதல் போட வேண்டும். சாறு பாலைப் போலக் கெடும் பொருள் என்பதால் வந்த அன்றே காய்ச்சியாக வேண்டும். நல்ல ஓட்டம் வந்த நாளில் நள்ளிரவு தாண்டியும் அடுப்பு எரியும்.

அந்தக் கடைசி அரைமணி நேரத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். தண்ணீர் கொதிக்கும் வெப்பத்துக்கு மேலே சுமார் 4 டிகிரி செல்சியஸ் ஏறும்போது பாகு பதத்துக்கு வருகிறது. அகப்பையில் மொண்டு ஊற்றினால் அதுவரை சொட்டுச் சொட்டாக விழுந்தது, திடீரென்று அகப்பையின் விளிம்பில் ஒன்றுசேர்ந்து ஒரு துணி போலத் தகடாகத் தொங்கும். உடனே தட்டத்தின் வடிகுழாயைத் திறக்க வேண்டும். இரண்டு நிமிஷம் அசந்தால் பாகு கருகி, காய்ச்சும் தட்டமே பாழாகிவிடும். அந்தத் தட்டத்தின் விலை ஆயிரக்கணக்கான டாலர். கண்ணளவு மட்டும் போதாது, மிதவைமானி போட்டு அடர்த்தி பார்க்க வேண்டும். கூட்டாட்சி அரசின் தர விதி 66 பிரிக்ஸ், அதாவது 66 சதவீதச் சர்க்கரை, கேட்கிறது, வெர்மான்ட் 66.9 கேட்கிறது. பிறகு பாகில் படியும் மணல் போன்ற தாதுக் கசடை வடிகட்டி, 82 டிகிரிக்குக் குறையாத சூட்டில் புட்டியில் ஊற்றி, மூடியின் உள்பக்கமும் சூடு படுவதற்காகப் புட்டியைச் சாய்த்து வைக்க வேண்டும். இத்தனைக்கும் நிற்பவர் கணவனோ மனைவியோ பெரியவரான அப்பாவோ. இவர்களுடைய மணிநேரம்தான் விலைச்சீட்டில் ஏறாமல் போகிறது.

ஒரு மாதிரிக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். இது எந்தக் குடும்பத்தின் ஏட்டிலிருந்தும் எடுத்ததல்ல. எண்களை வெர்மான்ட் நிலவரத்துக்குப் பொருந்தும்படி வைத்திருக்கிறேன், யாரும் தங்கள் எண்களைப் போட்டு மாற்றிக்கொள்ளலாம். 200 துளைகள் உள்ள குடும்பம். இயந்திர உறிஞ்சல் இல்லாமல் ஒரு துளைக்கு ஒரு குவார்ட் பாகு என்பது நடப்பு மதிப்பு. ஆக 50 காலன். கொட்டகை, தட்டம், தொட்டி, குழாய் இவற்றின் தேய்மானம் வருஷத்துக்கு 800 டாலர். மூக்குக் குழாய், வடிதுணி, வண்டி எரிபொருள் போன்ற சில்லறைச் செலவு 400. இரண்டு அடுக்கு விறகு 500. சொந்தக் காட்டில் வெட்டியதென்றாலும் வெளியே விற்றால் கிடைக்கும் பணம் அது. மரங்களுக்கு வாடகையாகத் துளைக்கு ஒரு டாலர் வீதம் 200. மரம் தன்னுடையதே ஆனாலும் அந்த நிலத்துக்கு வரி உண்டு. மொத்தம் 1,900. உழைப்பு, துளையிடுவதிலிருந்து கடைசியாகக் குழாய் கழுவுவது வரை, 160 மணி நேரம்.

இப்போது விற்பனைக்கு வருவோம். பாகைப் பீப்பாயில் மொத்த வியாபாரிக்குக் கொடுத்தால் அண்மை ஆண்டுகளில் ஒரு பவுண்டுக்கு இரண்டு டாலருக்குச் சற்று மேல் கிடைத்திருக்கிறது. 2.20 என்று வைத்தால், ஒரு காலன் 11 பவுண்டு, 50 காலனுக்கு 1,210 டாலர். செலவே 1,900 என்னும்போது 690 டாலர் கைநஷ்டம், கூலிக்கு இடமே இல்லை. ஒரு காலன் கொள்கலனில், வெர்மான்டில் சகஜமாகக் காணும் 55 டாலர் விலைக்கு விற்றால், கலனுக்கு 3.50 போக, செலவும் போக, மிஞ்சுவது 675. மணிக்கு 4 டாலர் சொச்சம். குவார்ட் புட்டியில் 18 டாலருக்கு விற்றால், புட்டிக்கு 2 டாலர் கழித்து, மணிக்கு 8 டாலர். 22 என்றால் 13 டாலர். வெர்மான்ட் மாநிலத்தின் 2025-ஆம் ஆண்டுக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 14.01 டாலர். பக்கத்து ஊர் பெட்ரோல் நிலையத்தில் கல்லாவில் நிற்பவருக்குச் சட்டம் உறுதிசெய்யும் கூலிகூட, பாகு காய்ச்சத் தெரிந்த கைக்கு இந்த விலையில் கிடைக்கவில்லை. மணிக்கு 18 டாலராவது வேண்டும் என்று கணக்கைத் திருப்பிப் போட்டால் குவார்ட் விலை 26 டாலர் வருகிறது. நம் பணத்தில் இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல். முதலில் சொன்ன மூன்று வாசல்களில் 28 டாலர் சீட்டு ஒட்டியிருந்தவரைக் கொள்ளைக்காரர் என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. இந்தக் குடும்பத்தின் கணக்குப்படி பார்த்தால் அவர் ஒருவர்தான் கூலிக்குக் கணக்குப் பார்த்தவர்.

புட்டியின் அளவு இந்தக் கணக்கில் தனி இடம் பெறுகிறது. கனடாவிலிருந்து ஊருக்கு வரும் தமிழ்க் குடும்பங்கள் பெட்டிக்குள் துணி சுற்றிக் கொண்டுவரும் இலை வடிவக் கண்ணாடிப் புட்டியை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். அதற்குள் இருக்கும் பாகை லிட்டர் கணக்கில் பார்த்தால் காலன் கலனில் வாங்குவதைவிட விலை பல மடங்கு. வாங்குபவருக்கு இது ஏமாற்றாகத் தோன்றலாம். ஆனால் ஒரு காலனை அரை பைன்ட் புட்டிகளாகப் பிரித்தால் 16 புட்டி, 16 மூடி, 16 சீட்டு, 16 முறை சாய்த்து வைக்கும் வேலை. நம் மாதிரிக் குடும்பம் 50 காலனையும் அரை பைன்ட்டாக 8 டாலருக்கு விற்றால், புட்டிக்கு 1.30 போக, கூடுதலாக 40 மணி நேர உழைப்பையும் சேர்த்து, மணிக்கு 17 டாலருக்கு மேல் வரும். 800 புட்டிகளை விற்க எத்தனை சனிக்கிழமைச் சந்தைகளில் நிற்க வேண்டும் என்பது வேறு கணக்கு, அதையும் உழைப்பில் எழுத வேண்டும். ஆனாலும் பெரிய கலனின் விலையை அளவால் வகுத்துச் சின்னப் புட்டிக்கு விலை வைக்கும் பழக்கம் நஷ்டத்துக்கே வழி. ஒவ்வோர் அளவுக்கும் தனிக் கணக்கு தேவை.

பிறகு ஏன் இத்தனை பேர் குறைத்தே விற்கிறார்கள்? பீப்பாய் விலையின் நிழல் புட்டியின் மேல் விழுவது முதல் காரணம், அதற்கு நூறு வருஷத்துக்கு மேற்பட்ட சரித்திரம் இருக்கிறது. மளிகை விற்பனையாளராகத் தொடங்கிய ஜார்ஜ் கேரி, மேப்பிள் சர்க்கரையைப் புகையிலைக்குச் சுவையூட்டப் பயன்படுத்தலாம் என்று புகையிலைக் கம்பெனிகளை நம்பவைத்து, வெர்மான்டின் செயின்ட் ஜான்ஸ்பரியில் பெரும் தொழில் கட்டினார். உழவர்கள் கொண்டுவந்ததை எல்லாம் வாங்கிக்கொள்ள ஒருவர் இருந்தார். விலையைச் சொல்பவரும் அவரே. புகையிலையில் கலக்கப்போகும் கருத்த சர்க்கரைக்கு என்ன விலையோ, அதுவே மேசைக்குப் போகும் பாகின் விலையையும் இழுத்துப் பிடித்தது. எல்லைக்கு அப்பால், கனடாவின் கியூபெக் மாகாணத்திலும் அமெரிக்க வாங்குபவர்கள் வைத்ததுதான் விலை. அதை எதிர்த்தே 1925-இல் சிரில் வையான்கூர் உற்பத்தியாளர் கூட்டுறவு ஒன்றைத் தொடங்கினார். இன்று சிட்டாடெல் என்ற பெயரில் அறியப்படுவது அதுதான். கேரி பெருமந்தக் காலத்தில் திவாலானார். அவர் போன பிறகும் ஒரு பழக்கம் தங்கிவிட்டது: பாகின் விலை என்பது எங்கோ யாரோ சொல்வது, நாம் கேட்டுக்கொள்வது.

இன்னொரு காரணம் இன்னும் பழையது. 1791-இல் பிலடெல்பியாவின் மருத்துவர் பெஞ்சமின் ரஷ், தாமஸ் ஜெஃபர்சனுக்கு எழுதிய நீண்ட கடிதத்தில் மேப்பிள் சர்க்கரையைத் தூக்கிப் பிடித்தார். மேற்கிந்தியத் தீவுகளின் கரும்புச் சர்க்கரை அடிமைகளின் இரத்தத்தில் விளைவது. அதற்கு மாற்றாக, சுதந்திர உழவர் தன் காட்டு மரத்திலிருந்து சர்க்கரை எடுக்கட்டும் என்பது அவர் கட்சி. ஜெஃபர்சனும் அந்த ஆண்டே தன் பண்ணையில் மேப்பிள் கன்றுகள் நட்டார். ரஷ்ஷின் நோக்கம் உயர்ந்தது. ஆனால் அவர் வாதத்தில் ஒரு வரிப் பொருளாதாரம் ஒளிந்திருந்தது: இது வயலில் வேலையில்லாத பருவத்து வேலை, ஆகவே இதன் உழைப்புக்குச் செலவு அதிகமில்லை. இந்த எண்ணம் இன்றும் கொட்டகைதோறும் வாழ்கிறது. ‘மார்ச்சில் வேறு என்ன வேலை’ என்று சொல்லித்தான் 160 மணி நேரத்தை ஏட்டிலிருந்து அடிக்கிறார்கள். அடிமை உழைப்பையும் குடும்ப உழைப்பையும் ஒரே தட்டில் வைப்பது அநியாயம், நான் வைக்கவில்லை. கூலி கொடுக்காத உழைப்பை எதிர்த்து எழுந்த ஒரு பேச்சு, தன் பக்கத்து உழைப்பின் கூலியை எழுத மறந்தது என்பதைத்தான் சொல்கிறேன். அன்றைய உழவருக்கு இந்தப் பருவத்து வேலை ஒருவேளை உண்மையிலேயே ஓய்வு நேரத்து வேலையாக இருந்திருக்கலாம். இன்று அதே குடும்பத்தில் ஒருவர் பள்ளியில் வேலை பார்க்கிறார், இன்னொருவர் மரம் அறுக்கப் போகிறார். மார்ச் மாதத்து இரவுக்கு இன்று வேறு விலை உண்டு.

விலையைத் தனி ஆள் சொல்ல முடியாது, எல்லாரும் சேர்ந்து சொல்வதே வழி என்று கியூபெக் முடிவு செய்தது. உலகின் மேப்பிள் பாகில் ஏறத்தாழ 70 சதவீதம் அங்கே உற்பத்தியாகிறது. உற்பத்தியாளர் அமைப்பு பீப்பாய்ப் பாகு முழுவதையும் தன் வழியாகவே விற்கச் செய்கிறது, வாங்குபவர்களோடு பேசி விலை முடிவு செய்கிறது, 2000-இல் ஒரு கையிருப்புக் கிடங்கை ஏற்படுத்தியது, 2004 முதல் உற்பத்திக்குப் பங்களவும் விதித்தது. இதன் பலனைக் குறைத்துப் பேச முடியாது. கியூபெக்கின் விளைச்சல் 2022-இல் 21.1 கோடி பவுண்டு, 2023-இல் 12.4 கோடி, 2024-இல் 23.9 கோடி. இப்படித் தலைகீழாக ஆடும் விளைச்சலை, கிடங்கு இல்லாமல் சந்தையில் விட்டிருந்தால் பீப்பாய் விலை ஒரு வருஷம் பறந்து மறு வருஷம் தரையில் மோதியிருக்கும். 2023-க்குப் பிறகு கிடங்கின் இருப்பு 69 லட்சம் பவுண்டு வரை வற்றியது, ஆனால் விலை தடுமாறவில்லை. எல்லைக்கு இப்பால் வெர்மான்ட் உற்பத்தியாளரும் இந்த நிதானத்தின் நிழலில்தான் விற்கிறார், அதற்கு அவர் எதுவும் கொடுக்கவில்லை. மறுபக்கம், பங்களவை மீறியவர்கள் மீது அபராதமும் வழக்கும் பாய்ந்தன. தன் மரத்துச் சாற்றைத் தன் விருப்பப்படி விற்க முடியாதா என்று கொதித்தவர்களின் மனக்குறை இன்றும் ஆறவில்லை. 2011-12-இல் அந்தக் கிடங்கிலிருந்தே ஏறத்தாழ 3,000 டன் பாகு திருடு போனது உலகச் செய்தியானது. விலையைத் தூக்கி நிறுத்திய ஒரு பண்டத்துக்குக் கள்ளச் சந்தை உண்டாகும் என்பதற்கு அது சாட்சி.

ஆனால் நம் கேள்விக்குக் கியூபெக் தரும் முக்கியமான குறிப்பு வேறொன்று. 5 லிட்டருக்கு மிகாத கலன்களில், உற்பத்தியாளர் தானே நுகர்வோருக்கு நேரடியாக விற்பதை அந்தக் கடுமையான ஏற்பாடும் தன் கட்டுக்கு வெளியே விட்டிருக்கிறது. பீப்பாயும் புட்டியும் இரண்டு வேறு சந்தைகள் என்பதை அதன் விதியே ஒப்புக்கொள்கிறது. பீப்பாயில் யார் பாகு என்பது மறைந்துபோகும். நூறு கொட்டகைப் பாகு கலந்து ஒரே நிறமாகும். அங்கே தனி ஆளுக்கு விலை சொல்லும் வாய்ப்பு கிடையாது. புட்டியில் பெயர் இருக்கிறது, ஊர் இருக்கிறது, வாங்குபவர் கொட்டகைக்குள் எட்டிப்பார்த்து அடுப்பின் சூட்டை முகத்தில் வாங்கிக்கொண்டு போகிறார். அப்படி விற்கும் புட்டிக்குப் பீப்பாய் விலையை அளவுகோலாக வைப்பதுதான் பிழை. 2024-இல் வெர்மான்ட் மட்டும் 31 லட்சம் காலன் எடுத்தது, அமெரிக்க மொத்தத்தில் பாதிக்கும் மேல். அதில் பெரும்பங்கு ஆயிரக்கணக்கான துளைகளும் உறிஞ்சு இயந்திரங்களும் கொண்ட பெரிய தோப்புகளிலிருந்து பீப்பாயில் போகிறது. அவர்களுக்கு ஒரு காலனுக்கு ஆகும் செலவு சிறியவர்களின் செலவில் ஒரு பகுதிதான். அவர்களுக்கு அந்த விலை கட்டுப்படியாகிறது. 200 துளைக்காரர் அவர்களுடைய விலையை எடுத்து ஒட்டிக்கொள்ளும்போது, அவர்களுடைய இயந்திரங்களை எடுத்து ஒட்டிக்கொள்ள முடிவதில்லை.

இதற்கு வரும் முதல் மறுப்பு வாங்குபவர் ஓடிவிடுவார் என்பது. பெரிய மொத்தக் கடைகளில் ஒரு லிட்டர் அசல் மேப்பிள் பாகு பத்துப் பதினைந்து டாலருக்குக் கிடைக்கிறதே, யார் 26 கொடுப்பார்கள்? இது பயனற்ற கேள்வி அல்ல. அந்தக் கடைப் பாகும் கலப்படம் இல்லாதது, பெரும்பாலும் நல்ல பாகுதான். அதைத் தாழ்த்திப் பேசி நம் புட்டியை உயர்த்துவது நேர்மை ஆகாது. ஆனால் விலை ஒன்றையே பார்த்து வாங்குபவர் ஏற்கெனவே அந்தக் கடைக்குப் போய்விட்டார். 22 டாலருக்குக் கொட்டகை வாசலில் நிற்பவரும் கடையைவிட அதிகமே கொடுக்கிறார். எதற்கு என்று அவருக்குத் தெரியும். அவரிடம் நாலு டாலரைக் கூட்டிக் கேட்பதால் சிலர் குறைவார்கள் என்பது உண்மை. 200 புட்டியில் 160 மட்டுமே 26-க்கு விற்றாலும் 4,160 டாலர். 200-ஐயும் 22-க்கு விற்றால் 4,400. வித்தியாசம் 240 டாலர், கையில் 40 புட்டி மிச்சம். நன்றாக மூடிய பாகு கெடுவதில்லை. டிசம்பரில் பரிசு வாங்குபவர்கள் வரும்வரை அது காத்திருக்கும். சோள மாவுச் சர்க்கரையில் மணம் சேர்த்து மூன்று நாலு டாலருக்கு விற்கும் ‘பான்கேக் சிரப்’ ஒரு தனி விஷயம். அதோடு விலையில் போட்டி போட எந்த மேப்பிள்காரராலும் முடியாது, போடவும் கூடாது.

இரண்டாவது மறுப்பு எனக்குக் கடினமானது. பத்துப் பதினைந்து மரத்தில் வாளி கட்டி, பேரப்பிள்ளைகளோடு காய்ச்சி, செலவுக்குக் கிடைத்தால் போதும் என்று 15 டாலருக்குக் கொடுக்கும் ஓய்வுபெற்றவர், ‘என் சந்தோஷத்துக்குச் செய்கிறேன், எனக்கு எதற்குக் கூலிக் கணக்கு’ என்று கேட்கிறார். அவர் சந்தோஷத்தில் கைவைக்க யாருக்கும் உரிமையில்லை. ஆனால் விலைச்சீட்டு அவருடைய கொட்டகையோடு நின்றுவிடுவதில்லை. இரண்டு மைல் தள்ளி அதே தொழிலால் கடன் கட்டும் இளம் தம்பதியிடம் வாங்குபவர் போய், ‘அங்கே 15 தானே’ என்கிறார். அந்த ஒரு கேள்வியே இவர்களுடைய விலையை உடைக்கிறது. ஓய்வுபெற்றவருக்கு இலவசமாகக் கொடுக்க ஆசை என்றால் கொடுக்கட்டும்: தேவாலயத்துக்கு, அக்கம்பக்கத்துக்கு, பள்ளி விழாவுக்கு. பரிசாகக் கொடுத்ததை யாரும் விலை என்று எடுத்துக்கொள்வதில்லை. விற்பது என்று வந்தபின் ஊர் விலையில் விற்பதே அண்டை வீட்டாருக்குச் செய்யும் மரியாதை. இதையே மூன்றாவது மறுப்புக்கும் பதிலாக வைக்கலாம்: ஊரில் வசதியற்றவர்கள் வாங்க முடியாதே என்பது. அவர்களுக்குத் தெரிந்தே குறைத்துக் கொடுப்பதற்கும், நகரத்திலிருந்து காரில் வரும் சுற்றுலாப் பயணிக்கும் சேர்த்து எல்லாருக்கும் குறைத்து வைப்பதற்கும் நிறைய தூரம் இருக்கிறது. சொந்த ஊர்க்காரருக்குத் தனி விலை வைப்பது பழங்காலத்து நல்ல வழக்கம். அதற்கும் நியாய விலை முதலில் தெரிந்திருக்க வேண்டும்.

எல்லாரும் ஒரு கூட்டம் போட்டு 26 என்று முடிவு செய்துவிட்டால் என்ன என்றும் கேட்பார்கள். அமெரிக்காவில் அது சட்டவிரோதம். 1890-ஆம் ஆண்டு ஷெர்மன் சட்டம் போட்டியாளர்கள் பேசிவைத்து விலை நிர்ணயிப்பதைத் தடுக்கிறது. 1922-ஆம் ஆண்டு காப்பர்-வோல்ஸ்டெட் சட்டம் உழவர்கள் கூட்டுறவாகச் சேர்ந்து விற்பதற்கு விலக்கு கொடுக்கிறது. ஆனால் தனித்தனியே விற்றுக்கொண்டு விலையை மட்டும் ரகசியமாகப் பேசிவைப்பதற்கு அந்த விலக்கு பொருந்தாது. இதில் எனக்கு வருத்தமில்லை. விலையைப் பேசிவைக்கும் சங்கத்தைவிட, கணக்குப் போடக் கற்றுக்கொடுக்கும் சங்கமே மேல். வெர்மான்ட் மேப்பிள் உற்பத்தியாளர் சங்கம் 1893-இல் தொடங்கியது. கார்னெல் பல்கலைக்கழகமும் வெர்மான்ட் பல்கலைக்கழக விரிவாக்கத் துறையும் உற்பத்திச் செலவைக் கணக்கிடும் முறைகளை உற்பத்தியாளர்களிடம் பல காலமாகக் கொண்டு சேர்க்கின்றன. எண் அவரவருடையதாக இருக்கட்டும், முறை பொதுவாக இருக்கட்டும். செலவு வேறுபட்டால் விலையும் வேறுபடும். அந்த வேறுபாட்டில் குற்றமில்லை.

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. முன்பு வெளிர் பொன்னிறப் பாகுக்கு அதிக விலையும், பருவக் கடைசியில் வரும் கருத்த பாகுக்குக் குறைந்த விலையும் இருந்தன. பீப்பாய்ச் சந்தையில் இன்றும் வெளிர் நிறத்துக்கே மதிப்பு. வெர்மான்ட் 2014-இலும், கூட்டாட்சி வேளாண்துறை 2015-இலும் தர வரிசையை மாற்றி, மேசைக்கு வரும் நாலு நிறங்களையும் ஏ தரம் என்றே பெயரிட்டன. கருத்த பாகுக்கு ஆகும் விறகும் உழைப்பும் குறைவல்ல, சுவை ஆழமானது, சமையலுக்கு அதைத்தான் பலர் கேட்டு வாங்குகிறார்கள். சில்லறையில் எல்லா நிறத்துக்கும் ஒரே விலை வைப்பவர்கள் செய்வது சரி.

கணக்கில் பலர் விட்டுவிடும் ஒன்று மட்டும் மீதி இருக்கிறது, மோசமான வருஷம். 2012 மார்ச்சில் வடகிழக்கு அமெரிக்காவில் கோடை போல வெயில் அடித்துப் பருவம் பாதியில் முடிந்தது. நம் மாதிரிக் குடும்பத்துக்கு அப்படி ஒரு வருஷத்தில் 200 குவார்ட்டுக்குப் பதில் 130 வந்தால், துளையிடும் வேலையும் கழுவும் வேலையும் தேய்மானமும் குறையாது. விறகும் புட்டியும்தான் குறையும். 26 டாலருக்கு விற்றாலும் மணிக்கு 10 டாலரைத் தொடாது. ஆகவே நல்ல வருஷத்து விளைச்சலால் செலவை வகுத்து விலை வைப்பது நாமே நமக்குச் சொல்லும் பொய்யாகிவிடும். ஐந்து வருஷ விளைச்சலின் சராசரியை எடுத்துக்கொள்ள வேண்டும். கடைகள் வழியாக விற்பவர்கள் கடைக்காரரின் லாபத்தையும் மேலே சேர்க்க வேண்டும். கடைக்குக் கொடுக்கும் விலையைத் தன் கணக்கிலிருந்தும், வாசல் விலையைக் கடையில் விற்கும் விலையிலிருந்தும் கட்ட வேண்டும். வாசலில் கடையைவிடக் குறைத்து விற்றால் அந்தக் கடைக்காரர் அடுத்த வருஷம் வாங்கமாட்டார். இதையெல்லாம் மார்ச் மாத நள்ளிரவில் அடுப்பின் முன் நின்றுகொண்டு முடிவு செய்ய முடியாது. சாறு ஓடாத ஜனவரியில், ஒரு தாளில், செலவு, மணிநேரம், புட்டி, ஐந்து வருஷச் சராசரி என்று எழுதி விலையை வைத்துக்கொள்ளலாம். பதினைந்து மரக்காரருக்கும் ஆயிரம் துளைக்காரருக்கும் அந்தத் தாள் ஒரு பக்கத்தைத் தாண்டாது. அதன் நகலைக் கொட்டகை வாசலில் ஒட்டிவைத்தால், ‘ஏன் 26’ என்று கேட்பவர் புட்டி நிரம்பும் நேரத்தில் அதைப் படித்துவிடலாம்.